மூன்றாவது சுவிட்ச்

“இவ்வளவு சுவிட்ச் இருக்கே, லைட் எங்கப்பா எரியும்?”

ஆறு வயதில் அண்ணன் மகள் கேட்ட கேள்வி அது. அப்பாவின் மடியில் கிடந்த எலெக்ட்ரிக் கிட்டாரின் மேல் குனிந்து, அதன் வயிற்றில் வரிசையாக முளைத்திருந்த குட்டி சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, அறையின் நாலு மூலையையும் அண்ணாந்து பார்த்தாள். எங்கும் எதுவும் எரியவில்லை. அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் தங்கைதான், “நல்லாக் கேளுடி செல்லம், நானும் அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்று எடுத்துக் கொடுத்தாள்.

பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. இன்று காலை தங்கைக்கு ஏனோ அந்தக் கேள்வி நினைவுக்கு வந்தது. அண்ணன் வீட்டுப் பின்னறைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அதே கிட்டாரைப் பழைய பனியன் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வாரமாக யாரும் தொடாததில் தந்திகளுக்கு அடியில் தூசி மெல்லிய கோடாகப் படிந்திருந்தது.

முன்னறையில் அண்ணன் பெட்டிக்குள் படுத்திருந்தார். நேற்று மத்தியானம் தண்ணீர் கேட்டார். இரண்டு மடக்கு குடித்துவிட்டு “போதும்” என்றார். அண்ணி டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது. இதயம் பழுதாகிப் பல மாதங்களாக இன்றோ நாளையோ என்று இருந்தவர்தான். ஆனாலும் அந்த டம்ளரை ஏன் உடனே கழுவப் போனோம் என்று அண்ணி விடிந்ததிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு அடக்கம். அதற்கு முன் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய மண்டபத்தில் ஒரு சின்னப் பிரார்த்தனை. பிரார்த்தனையில் ஒரே ஒரு பாட்டு. அதை அவள் பாட வேண்டும். அண்ணனே கேட்டு வாங்கிய சத்தியம் அது.

பத்து நாளைக்கு முன், தலையணையில் சாய்ந்தபடி, மாத்திரையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: “நான் போயிட்டா நீ அந்தத் தாலாட்டைப் பாடணும்.”

“வாயைக் கழுவு முதல்ல.”

“வாயைக் கழுவிக்கிட்டும் போகத்தானே போறேன். எல்லாரும் அழுவாங்க. நீயும் சேர்ந்து அழுதுட்டா யாரு பாடறது? பாடு. நாலு சரணமும் முழுசா வரணும். மூணோட நிறுத்தினா எழுந்து வந்துடுவேன்.”

“பாடறேன், பாடறேன். நீ மாத்திரையை விளையாடாம போடு.”

“கையில அடிச்சுச் சொல்லு.”

அவள் அந்த மெலிந்த கையில் மெதுவாக அடித்துச் சொன்னாள். பாடுவது அவளுக்குப் பெரிய விஷயமில்லை என்றுதான் அன்று நினைத்தாள். பகலில் மருந்துக்கடை கவுன்டரில் நிற்பவள்தான். ஆனால் முப்பது வருடமாக அண்ணன் வாசிக்க அவள் பாடிவந்தாள். கல்யாண வரவேற்பு, முதியோர் இல்லம், பள்ளிக்கூட விழா என்று வாரத்துக்கு ஒரு மேடையாவது இருக்கும். அண்ணன் இல்லாமல் பாடியதில்லை என்பது மட்டும் அப்போது தோன்றவில்லை.

பத்து மணிக்கு டிரைவர் வந்தார். நகரப் பேருந்து ஓட்டுபவர். அவர்கள் மூவர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர். இன்று அண்ணனின் கிட்டாரை எடுத்து வாசிக்கச் சம்மதித்திருந்தார். ஒரு கையில் ஆம்ப்ளிஃபயரும் இன்னொரு கையில் ஒயர் சுருளுமாகப் பின்வாசல் வழியாக நுழைந்து, பழக்கதோஷத்தில், “என்ன தங்கச்சி, நம்ம பைலட்டோட காக்பிட்டைத் துடைச்சாச்சா?” என்றார். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“பரவாயில்லண்ணே. கேட்டிருந்தா சிரிச்சிருப்பார்.”

“சிரிச்சிருப்பானா? சண்டைக்கு வந்திருப்பான்.” டிரைவர் ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைத்துவிட்டு, கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

பைலட் என்பது அந்த சுவிட்சுகளால் வந்த பட்டம். அண்ணனுக்கு வேலை லிப்ட் பழுது பார்ப்பது. எந்தப் பொருளைக் கண்டாலும் மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கிட்டாரை வாங்கி ஒரு மாதம்கூட விட்டுவைக்கவில்லை. தந்தி அதிர்வதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் காந்தச் சுருள்கள் இரண்டு அதில் இருந்தன. பிக்கப் என்பார்கள். ஒன்று கழுத்துப் பக்கம், ஒன்று கீழே. அவற்றில் எது வேலை செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஒரு சுவிட்ச், சத்தத்துக்கு ஒரு குமிழ், கனத்துக்கு ஒரு குமிழ். கம்பெனிக்காரன் கொடுத்தது அவ்வளவுதான். மற்ற மூன்று சுவிட்சுகளும் அண்ணனின் கைவேலை. முதலாவதைத் தள்ளினால் சுருளில் பாதி அணைந்து ஓசை கூர்மையாகும். இரண்டாவது, கனத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழை வழியிலிருந்து விலக்கிவிடும்.

மூன்றாவது பிறந்தது ஒரு தவறில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது அண்ணன் ஒரு பிக்கப்பின் இரண்டு ஒயர்களையும் தலைகீழாக மாற்றிப் பிடித்துவிட்டார். மாட்டி வாசித்துப் பார்த்தால், இரண்டு பிக்கப்பும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, ஓசையின் நடுப்பகுதியே காணாமல் போய்விட்டது. மிஞ்சியது மூக்கடைத்தவன் பேசுவதுபோல ஒரு கீச்சுக் குரல். வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு ஒயரைத் திருப்பி வைத்திருப்பார்கள். அண்ணன் அந்தத் தவறுக்கும் ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தார். மேலே தள்ளினால் சரியான ஓசை. கீழே தள்ளினால் தவறு.

“தப்புக்குப் போயி தனி சுவிட்சா?” என்று டிரைவர் அன்றே ஆரம்பித்தார். “வால்யூம் ஒன்னு, அதைத் திருகக் கை ஒன்னு. வேற என்னய்யா வேணும் கிட்டாருக்கு? என் பஸ்ஸுல நாலு ஹாரன் வச்சா சீக்கிரம் போயிடுமா?”

“உன் பஸ்ஸுல எமர்ஜென்சி கதவு இருக்கே, அதைத் தினமும் திறக்கறியா?”

“அது ஆபத்துக்கு.”

“இதுவும் அப்படின்னு வச்சுக்கோ.”

“கிட்டாருல என்னய்யா ஆபத்து? தந்தி அறுந்தா சுவிட்ச் வந்து கட்டுமா?”

இந்தச் சண்டையில் தங்கை எப்போதும் டிரைவர் கட்சி. இருபது வருடம் மேடைக்குப் போகும் வழியெல்லாம், திரும்பும் வழியெல்லாம் அது நடந்தது. அண்ணன் தோற்றதாக ஒப்புக்கொண்டதும் இல்லை, அவர்களை ஜெயிக்கப் பார்த்ததும் இல்லை.

டிரைவர் இப்போது கிட்டாரை மடியில் வாங்கிக்கொண்டு சுவிட்சுகளைப் பார்த்து முழித்தார். “எது எதுக்குன்னு மறந்தே போச்சு. எல்லாம் ஆளுக்கொரு திசையில நிக்குது.”

“எல்லாத்தையும் மேல தள்ளிடுங்கண்ணே. கம்பெனியில வந்த மாதிரி இருக்கட்டும். நமக்கு எதுக்கு அந்த வம்பு?”

டிரைவர் கட்டைவிரலால் மூன்றையும் மேலே தள்ளினார். முன்னறைக்குக் கேட்டுவிடாமல் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, மெல்ல வாசிக்கத் தொடங்கினார். நல்ல கை அவருக்கு. கிட்டார் வெண்கலம் போல முழங்கியது. அண்ணன் மகளுக்கு அண்ணனே கட்டிய தாலாட்டு அது. பின்னால் மேடைக்கும் வந்துவிட்டது.

அவள் பாடத் தொடங்கினாள்.

*விளக்கை அணைத்துக் கண்மூடு,*
*விடியும் வரையில் நானிருப்பேன்.*

முதல் வரியிலேயே ஏதோ சரியில்லை. வாய் திறக்கிறது, மூச்சு போகிறது, குரல் மட்டும் போய்ச் சேரவில்லை. கிட்டாரின் முழக்கத்துக்குள் அது தண்ணீரில் போட்ட உப்பாகக் கரைந்தது. நெருக்கடியான பேருந்தில் படியேறப் பார்க்கிறவளைப்போல, எந்தப் பக்கம் நுழைந்தாலும் அங்கே கிட்டார் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. டிரைவர் தலையசைத்து நிறுத்தினார்.

“இன்னொரு தரம் போவோம்.”

இன்னொரு தரம் போனார்கள். அவள் அடிவயிற்றிலிருந்து அழுத்திப் பாடினாள். குரல் உடைந்து இருமல் வந்தது. டிரைவர் சத்தத்தைக் குறைத்தார். குறைத்ததும் கிட்டார் போர்வைக்குள் முனகுவதுபோல மங்கிப்போய், சுருதியே காதில் விழவில்லை. அவள் பிடிமானம் இல்லாமல் வரிக்கு வரி தடுமாறினாள். கூட்டினால் குரல் மூழ்கியது. குறைத்தால் கால் வைக்கத் தரையில்லை. மூன்றாவது தடவை, இரண்டாம் சரணத்தின் பாதியில் அவளே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

“துக்கம் தங்கச்சி,” டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “தொண்டையை அடைக்கத்தான் செய்யும். யாருக்கா இருந்தாலும்.”

“துக்கம் இல்லண்ணே. அழுகைகூட வரல எனக்கு. குரல் போகமாட்டேங்குது.”

“ஒன்னு பண்ணலாம். நான் சும்மா வாசிச்சு விட்டுடறேன். பாட்டு வந்த மாதிரியும் ஆச்சு. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். அடித்துச் சத்தியம் செய்த அந்த மெலிந்த கை கண்முன் வந்தது. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சொல்ல வேண்டியவர் முன்னறையில் பேசாமல் படுத்திருந்தார்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினோரு வருடத்துக்கு முன்னும் ஒருமுறை இப்படி நின்றிருக்கிறாள். கழுத்தில் ஒரு கட்டி என்று அறுவை சிகிச்சை செய்தபோது, குரலுக்குப் போகும் நரம்பு கொஞ்சம் அடிபட்டுவிட்டது. ஆறு மாதம் காற்றுத்தான் வந்தது. “பேச வரும். பாட்டு பழையபடி வருமான்னு உறுதி சொல்ல முடியாது” என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். ஒரு நாள் அண்ணன், “சும்மா வந்து உக்காரு, பாடு, வராட்டி எழுந்து போயிடு” என்று இழுத்துவந்து இதே அறையில் உட்காரவைத்தார். முதல் நாள் சரியாக வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வந்துவிட்டது. அடுத்த மாதம் மேடையேறினாள். அன்று வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே மண்டியிட்டு, கொடுத்ததை எடுத்து மறுபடி கொடுத்த கடவுளுக்கு அழுது அழுது நன்றி சொன்னாள். அந்த நன்றியை அவள் ஒரு நாளும் மறந்தவளல்ல. இன்றுவரை தூங்கப் போகுமுன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் படுப்பாள்.

கதவு திறந்தது. அண்ணி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், அம்மாவின் புடவைத் தலைப்பை விடாமல், அண்ணன் மகள்.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றாள் அண்ணி. “அங்க கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அவருக்கும் கேட்கட்டும்னு கதவைத் திறந்து வைக்க வந்தேன்.”

“வரல அண்ணி. குரல் ஏறல.”

அண்ணி கிட்டாரைப் பார்த்தாள். நேற்றிலிருந்து எதையும் சரியாகப் பார்க்காத கண்கள், அதில் மட்டும் ஒரு நிமிடம் நிலைத்து நின்றன. அடுப்பில் எதையோ அணைக்க மறந்தவள்போல நெற்றியைச் சுருக்கினாள்.

“அது ஏன் மேல நிக்குது?”

“எது அண்ணி?”

“அந்தக் கடைசிப் பொத்தான். நீ வந்தா அதைக் கீழதானே தள்ளுவாரு.”

டிரைவர் தலையைத் தூக்கினார். “இதையா? இது அந்தத் தகர சத்தம் போடுமே, அதும்மா.”

“எனக்கு அந்த சத்தமெல்லாம் தெரியாதுண்ணே. இவ வாசல்ல செருப்பு கழட்டற சத்தம் கேட்டதும், பேசிக்கிட்டே இருப்பாரு, பேச்சை நிறுத்தாமலே கட்டைவிரலால அதைக் கீழ தள்ளுவாரு. இவ கிளம்பிப் போனதும் மறுபடி மேல தள்ளுவாரு. கதவைத் திறந்து சாத்தற மாதிரி. நான் என்னமோ உங்க பாட்டுக்காரங்க வழக்கம்னு நினைச்சுக்கிட்டேன்.”

ஆம்ப்ளிஃபயர் மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

“எப்பலேர்ந்து அண்ணி?” தங்கையின் கேள்வி அவளுக்கே கேட்காத அளவுக்குத் தணிந்து வந்தது.

“எப்பலேர்ந்துன்னா… உனக்குக் கழுத்து ஆபரேஷன் ஆச்சே. அதுக்கப்புறம் நீ மூணு நாள் வந்து உக்காந்து பாடிப் பாத்தியே. ரெண்டாவது நாள் நீ அழுதுகிட்டே போனே. அன்னைக்கு அவரு சாப்பிடல. அந்த ரெண்டு நாளும் டேப்புல பிடிச்ச உன் குரலைப் போட்டுக்கிட்டு, இதைத் தள்ளி, அதைத் தள்ளி, ஒவ்வொன்னா வாசிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. ‘சோறு ஆறுது’ன்னு நான் நாலு தரம் கத்தினேன்.”

டிரைவர் அந்த சுவிட்சைக் கீழே தள்ளினார். தனியாக ஒருமுறை மீட்டினார். அதே கீச்சுக் குரல்தான். நடுவில் ஒன்றுமில்லாத, எலும்பு மட்டும் உள்ள ஓசை. கேட்கவே பாவமாக இருந்தது.

“பாடு தங்கச்சி.”

அவள் பாடினாள்.

ஓசையின் நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. சரியாக அவள் குரலின் அளவுக்கு. அவள் அழுத்தவில்லை, தள்ளவில்லை. யாரோ தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்த பெஞ்சில் உட்கார்வதுபோல, குரல் தானாகப் போய் உட்கார்ந்தது. கீழே கிட்டாரின் அடித்தந்திகள் தரையாக இருந்தன. மேலே மேல்தந்திகள் கூரையாக இருந்தன. முதல் சரணம் முடிந்தபோது அண்ணன் மகள் அழுதுகொண்டிருந்தாள். நேற்றிலிருந்து அழாத பெண்.

டிரைவர் கிட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தந்திகளை அடக்கினார்.

“அடப்பாவி,” என்றார். “அடப்பாவி பைலட். பதினோரு வருஷம்! ‘தகரம் தகரம்’னு நான் கிண்டல் பண்ணாத நாள் உண்டா? ஒரு கல்யாணத்துல மாப்பிள்ளையோட மாமா மேடைக்கே வந்து, ‘உங்க கிட்டார் ரிப்பேருங்களா, சத்தம் சன்னமா வருதே’ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டான். இவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘ஆமாங்க, சரி பண்ணணும், நேரம் இல்ல’ன்னு கையைக் கட்டிக்கிட்டுச் சொன்னான். லிப்டையே பிரிச்சு மாட்டறவன்! எனக்கு மானமே போச்சு. வண்டியில வரும்போது திட்டித் தீர்த்தேன். சிரிச்சுக்கிட்டே வந்தான்.”

அந்தக் கல்யாணம் தங்கைக்கும் நினைவிருந்தது. “இன்னைக்கு உன் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு” என்று அன்று அண்ணன் அவளிடம் சொன்னார். அவளும் பெருமையாக, “பின்ன? உன் கிட்டார்தான் கொசு கத்தின மாதிரி இருந்துச்சு. கழட்டி எறி அந்த சுவிட்செல்லாம்” என்றாள்.

இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் வெட்கத்தைவிடப் பெரியதாக வேறொன்று நெஞ்சுக்குள் ஏறி நின்றது. அன்று கட்டிலருகே மண்டியிட்டுச் சொன்ன நன்றி தவறான வாசலுக்குப் போகவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கடவுள் கொடுக்கும்போது பெரும்பாலும் யாராவது ஒருவர் கையால்தான் கொடுக்கிறார். அந்தக் கையை நாம் பார்க்காமல் போய்விடுகிறோம். அவ்வளவுதான்.

அவள் முன்னறைக்குப் போனாள். அண்ணன் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வேலைக்குக் கிளம்பியவரைப்போல இருந்தார். வலது கட்டைவிரலில் பழைய ஈயத் தழும்பு ஒன்று கருத்துக் கிடந்தது. அதன் மேல் தன் விரலை வைத்து, வந்தவர்கள் நகரச் சொல்லும்வரை நின்றாள்.

மண்டபம் சிறியது. நாற்பது ஐம்பது பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நீலச் சட்டைச் சீருடையிலேயே வந்திருந்த லிப்ட் கம்பெனிக்காரர்கள், மருந்துக்கடை முதலாளி, பக்கத்து வீட்டார். பிரார்த்தனை நடத்தியவர் சுருக்கமாகப் பேசி, பாட்டுக்குக் கைகாட்டினார். அண்ணியும் மகளும் முதல் வரிசையில், மைக்கிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்தார்கள். பெட்டி அவர்களுக்கு இடப்பக்கம்.

டிரைவர் சுவிட்சைக் கீழே தள்ளினார். அவள் பார்த்தாள்.

முதல் சரணம் கடைசி வரிசைவரை போனது. அங்கே நின்றுகொண்டிருந்த நீலச்சட்டைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டாம் சரணம் இன்னும் நன்றாக வந்தது. வாழ்நாளில் அவள் இப்படிப் பாடியதில்லை. மூன்றாம் சரணத்தில், குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்னும் ஒரு சரணம். அதையும் பாடிவிட்டால் கையில் அடித்துச் சொன்னது தீர்ந்தது.

நான்காம் சரணத்தை எடுக்க மூச்சு இழுத்தபோது, வேறொரு குரல் கேட்டது.

அண்ணி பாடிக்கொண்டிருந்தாள். பாடுகிறோம் என்று அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. கண் பெட்டியின் மேல் இருந்தது. உதடுகள் அசைந்தன. சுருதி ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாக, மண்ணில் தேய்ந்த செருப்பின் ஓசைபோல ஒரு சின்னக் குரல். தங்கைக்கு அண்ணன் எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது: பிள்ளையைத் தூங்கவைக்க உட்கார்ந்தால் மூன்றாம் சரணத்துக்குள் அவரே தூங்கிவிடுவாராம். நாலாவதைத் தினமும் அண்ணிதான் பாடி முடிப்பாளாம், இரண்டு பேருக்கும் சேர்த்து.

தங்கையின் குரல் அப்போது நிறைந்து, தயாராக, தொண்டையில் நின்றது. அதை விட்டால் அண்ணியின் குரல் இருந்த இடம் தெரியாது.

அவள் மைக்கிலிருந்து ஒரு சாண் முகத்தை விலக்கினாள். குரலை உதட்டுக்குள் இறக்கினாள். சுருதி தடுமாறாமல் பிடித்துக்கொள்ள அண்ணிக்கு மட்டும் எட்டும் அளவுக்கு, ஒரு நூலாக.

*நானே அயர்ந்தால் கலங்காதே,*
*நமக்கென ஒருவன் விழித்திருப்பான்.*

மண்டபம் முழுவதும் அண்ணியின் குரல்தான் இருந்தது. நடுங்கியது, வழுக்கியது, நூலைப் பிடித்து எழுந்தது, முடிந்தது. அண்ணி குனிந்து பெட்டியின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டாள். “நான் கத்திட்டேனா?” என்று மகளிடம் மெல்லக் கேட்டாள். “இல்லம்மா,” என்றாள் மகள். “நல்லா இருந்துச்சும்மா.”

அடக்கம் முடிந்து எல்லோரும் வாசலுக்கு வரும்போது மணி நாலு தாண்டியிருந்தது. வெயில் சாய்ந்து, சரளைக்கல் பாதையில் நிழல்கள் நீண்டிருந்தன. மரத்தடியில் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது தங்கையின் காதில் விழுந்தது.

“பாவம், கடைசியில பாட்டுக்காரம்மாவுக்குக் குரல் போயிடுச்சு.”

“ஆமா. நல்லவேளை, அந்த அம்மா எடுத்துப் பாடினாங்க.”

டிரைவர் பிளாஸ்கின் மூடியில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு வந்தார். தோளில் கிட்டார் உறையோடு தொங்கியது.

“இந்தா, குடி. தொண்டைக்கு இதமா இருக்கும்.” பிறகு, அவளைத் தேற்றும் குரலில், “மனசுல வச்சுக்காத தங்கச்சி. மூணு சரணம் ஜோரா வந்துச்சே, அதுவே பெருசு. நாலாவதுல அடைச்சா யாரு என்ன செய்ய முடியும்? பைலட் ஒன்னும் சொல்ல மாட்டான்.”

அவள் மூடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“ஆமாண்ணே,” என்றாள். “அடைச்சிடுச்சு.”

அண்ணி மகளின் தோளில் கைபோட்டுக்கொண்டு, வண்டியை நோக்கி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். வாய்க்குள் இன்னும் ஏதோ ஒரு வரி ஓடிக்கொண்டிருப்பதைப்போல அவள் தலை மெல்ல அசைந்தது. தங்கை அதைப் பார்த்தபடி, ஆவி பறக்கும் வெந்நீரை ஊதி ஊதிக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.